கேரள எல்லையில் புதிதாக வார்டு மெம்பர் ஆனவர்களுக்கு: சொத்துக் கணக்கும் சொந்த நலனும், எதை எப்போது எழுதிக் கொடுப்பது

2025 டிசம்பர் உள்ளாட்சித் தேர்தலில் ஜெயித்து, உறுதிமொழி எடுத்து, மாலை மரியாதை எல்லாம் முடிந்து இப்போதுதான் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போய்வர ஆரம்பித்திருப்பீர்கள். ரோடு, தண்ணீர், தெருவிளக்கு என்று ஜனங்கள் தினமும் வந்து நிற்பார்கள், அதைச் செய்யத்தான் ஜெயித்தீர்கள், சரி. ஆனால் அதற்கு நடுவில் உங்களுக்கென்று ஒரு காகித வேலை இருக்கிறது. உங்கள் சொத்து, உங்கள் கடன், பஞ்சாயத்தோடு உங்கள் வீட்டுக்கு இருக்கும் கொடுக்கல் வாங்கல், இதையெல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் விட்டால் பதவியே போகும். திருச்சூர் முளங்குன்னத்துக்காவில் இருக்கும் உள்ளாட்சிப் பயிற்சி நிறுவனமான கிலா நடத்தும் பயிற்சியில் இதைச் சொல்வார்கள், ஆனால் மலையாளத்தில், வேகமாக, வேறு நூறு விஷயங்களுக்கு நடுவில் சொல்வார்கள்.

நான் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாக்காரன். 2020-ல் மெம்பர் ஆனவன். எங்கள் குடும்பத்துக்குப் பாதி நிலம் இந்தப் பக்கம், பாதி நிலம் பொள்ளாச்சிப் பக்கம். இந்த மாதிரி ஆட்களுக்கு என்ன காகிதம் வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் ஆளுக்கொன்று சொன்னார்கள். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை வரிசையாக எழுதுகிறேன். நான் சொல்வது கிராமப் பஞ்சாயத்துக்கு, அதாவது 1994-ஆம் வருட கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டத்துக்கு உட்பட்டவர்களுக்கு. சித்தூர்-தத்தமங்கலம் மாதிரி நகராட்சியில் கவுன்சிலர் என்றால் உங்களுக்குத் தனிச் சட்டம், பிரிவு எண்கள் மாறும், வேலை ஏறக்குறைய இதேதான்.

1. எத்தனை கணக்கு என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

எல்லாரும் குழம்புவது இங்கேதான். "நான்தான் நாமினேஷனிலேயே சொத்தெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டேனே" என்பார்கள். அது வேறு, இது வேறு.

முதலாவது, வேட்புமனுவோடு கொடுத்த 2ஏ ஃபாரம். வழக்கு, சொத்து, கடன், படிப்பு எல்லாம் அதில் இருக்கும். அது வேட்பாளராகக் கொடுத்தது, முடிந்துவிட்டது.

இரண்டாவது, தேர்தல் செலவுக் கணக்கு. முடிவு அறிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் கொடுத்திருக்க வேண்டும். ஜெயித்தவர், தோற்றவர் எல்லாருக்கும் உண்டு. கொடுக்காதவர்களைத் தேர்தல் ஆணையம் ஐந்து வருடத்துக்குத் தகுதி நீக்கம் செய்யலாம். உங்களோடு நின்று தோற்றவர் யாராவது "தோற்ற பிறகு என்ன கணக்கு" என்று விட்டிருந்தால் அவருக்கும் சொல்லுங்கள், அடுத்த தேர்தலில் மனு தள்ளுபடி ஆகும்போதுதான் பாவம் அவருக்குத் தெரியும்.

மூன்றாவது, மெம்பர் ஆன பிறகு கொடுக்க வேண்டிய சொத்து, கடன் விவரம். பஞ்சாயத்து ராஜ் சட்டத்தின் 159-ஆம் பிரிவு. இதைக் கெடுவுக்குள் கொடுக்காமல் விடுவது 35-ஆம் பிரிவின் கீழ் பதவி இழக்க ஒரு காரணம். அந்தக் கெடுவைத் திருத்தச் சட்டங்களில் மாற்றியிருக்கிறார்கள். பழைய மெம்பர்கள் கையில் இருக்கும் பழைய கையேட்டில் பழைய கெடுதான் இருக்கும், அதை நம்ப வேண்டாம். பதவி ஏற்ற முதல் மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள். எந்தக் கணக்குப் பார்த்தாலும் நீங்கள் உள்ளே இருப்பீர்கள்.

நான்காவது, 1999-ஆம் வருட கேரள லோக் ஆயுக்தா சட்டத்தின் 22-ஆம் பிரிவுப்படி உங்கள், உங்கள் குடும்பத்தின் சொத்து, கடன் விவரம். லோக் ஆயுக்தா என்பது பொது ஊழியர்கள் மேல் வரும் ஊழல் புகாரை விசாரிக்கும் அமைப்பு. இது இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, ஜூன் 30-க்கு முன்னால். கொடுக்காதவர் பெயரை லோக் ஆயுக்தாவுக்கு அறிக்கை அனுப்புவார்கள், அதற்கப்புறமும் இரண்டு மாதத்தில் கொடுக்கவில்லை என்றால் மூன்று பத்திரிகையில் பெயர் போடலாம். பத்திரிகையில் நம் பெயர் வர வேறு நல்ல வழிகள் இருக்கின்றன.

மூன்றாவதைக் கொடுத்தால் நான்காவதும் அதில் அடங்கிவிடும் என்று ஆபீசில் யாராவது சொன்னால் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தரமாட்டார்கள். அதனால் இரண்டையும் கொடுங்கள். ஒரு தடவை காகிதம் சேர்த்துவிட்டால் இரண்டாவதற்குப் பெரிய வேலை இல்லை.

2. உங்கள் 2ஏ நகலைத் தேடி எடுங்கள்

வேறு எதையும் தொடும் முன்னால் இதைச் செய்யுங்கள். நிறையப் பேருக்கு மனுவைக் கட்சி ஆபீசில் உட்கார்ந்து வேறொருவர்தான் எழுதியிருப்பார், என்ன எழுதினார் என்று நமக்கே ஞாபகம் இருக்காது. அதில் 8 பவுன் நகை என்று இருக்கும், இப்போது நீங்கள் 20 பவுன் என்று எழுதினால், மூன்று மாதத்தில் 12 பவுன் எங்கிருந்து வந்தது என்று எதிர்க்கட்சிக்காரர் கேட்பார். பதில் எளிதாக இருக்கலாம், சம்சாரத்தின் நகையை அன்று சேர்க்காமல் விட்டிருக்கலாம். அப்படியானால் இப்போது சரியானதை எழுதி, கீழே ஒரு வரியில் வித்தியாசத்துக்குக் காரணமும் எழுதிவிடுங்கள். பழைய தப்போடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகப் புதிதாகவும் தப்பாக எழுதாதீர்கள்.

உங்களிடம் நகல் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், பக்கத்துக்கான நகல் கட்டணம் தனி. 30 நாள் வரை ஆகும் என்பதால் முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள்.

வீட்டில் யாராவது அரசு ஊழியர் என்றால் இன்னொன்றும் இருக்கிறது. அரசு ஊழியர்கள் வருடா வருடம் ஜனவரி 15-க்குள் ஸ்பார்க் என்ற அரசு ஊழியர் இணையதளத்தில் தங்கள் சொத்துக் கணக்கைப் போடுகிறார்கள். சம்சாரம் அரசுப் பள்ளி டீச்சராக இருந்து, அவர் கணக்கில் இருக்கும் வீட்டு மனை உங்கள் கணக்கில் இல்லை என்றால், சிக்கல் உங்களுக்கு மட்டும் இல்லை, அவருக்கும் சேர்த்துத்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

3. குடும்பம் என்றால் யார் யார்

லோக் ஆயுக்தா சட்டத்தில் குடும்பம் என்றால் கணவன் அல்லது மனைவி, அப்புறம் உங்களை நம்பி இருக்கும் பிள்ளைகள், பெற்றோர். தனியாகச் சம்பாதித்துத் தனியாக இருக்கும் அண்ணன் தம்பி இதில் வரமாட்டார்கள். ஆனால் அப்பா உங்களோடு இருந்து உங்கள் கையை எதிர்பார்த்து வாழ்கிறார் என்றால் அவர் பெயரில் இருக்கும் தோட்டமும் வரும்.

நம் பக்கத்தில் சொத்து பாதிக்கு மேல் இன்னும் அப்பா பெயரிலோ, தாத்தா பெயரிலோதான் இருக்கும். அது "என் பெயரில் இல்லையே" என்று விடாதீர்கள். பாகம் பிரிக்காத சொத்து, அதில் எனக்கு இத்தனை பங்கு, மற்ற பங்காளிகள் இன்னின்னார் என்று எழுதுங்கள். எழுதினதால் யாருக்கும் நஷ்டமில்லை. எழுதாமல் விட்டால் அது ஒளித்து வைத்த சொத்து மாதிரித் தெரியும்.

4. நிலத்துக் காகிதம், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

நேரம் போவது இதில்தான். கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, முதலமடை பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், வீடு இங்கே, தென்னந்தோப்பு அங்கே. எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பதைக் கேரளா ஆபீசில் எதற்குச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் நிறையப் பேரிடம் இருக்கிறது. சொத்து எந்த மாநிலத்தில் இருந்தாலும் சொத்துதான். புகார் கொடுக்கிறவர் முதலில் தேடுவதும் அதைத்தான், ஏனென்றால் தமிழ்நாட்டுப் பட்டாவை யார் வேண்டுமானாலும் போனிலேயே எடுத்துவிடலாம்.

கேரளப் பக்க நிலத்துக்கு: ஆதாரத்தின் (அதாவது பத்திரத்தின், ஆதார் கார்டு இல்லை) நகல், கடைசியாகக் கரம் (நில வரி) கட்டிய ரசீது, தண்டப்பேர் எண் (வில்லேஜ் ஆபீஸ் கணக்கில் உங்கள் நிலத்துக்கு இருக்கும் எண், நம் பட்டா எண் மாதிரி). கரம் பாக்கி இருந்தால் ஆன்லைனிலேயே கட்டி ரசீதை எடுத்துக்கொள்ளலாம், தெரியாவிட்டால் அரசின் ஆன்லைன் சேவை மையமான அக்ஷயா சென்டரில் கட்டித் தருவார்கள். அங்கே சேவைக் கட்டணப் பட்டியல் சுவரில் ஒட்டியிருக்கும், அதைப் பார்த்துக் கொடுங்கள். வில்லங்கச் சான்று அவசியம் இல்லை, ஆனால் நிலத்தை அடமானம் வைத்திருந்தால் எந்த பேங்க், எவ்வளவு என்பது ஞாபகத்துக்கு வர உதவும்.

ரீசர்வே (மறு நில அளவை) முடிந்த கிராமமாக இருந்தால் ஆதாரத்தில் ஒரு சர்வே எண், கர ரசீதில் இன்னொரு பிளாக் எண்ணும் ரீசர்வே எண்ணும் இருக்கும். இரண்டும் ஒரே நிலம்தான். இரண்டு எண்ணையும் ஒரே வரியில் எழுதுங்கள். தனித்தனியாக எழுதினால் இரண்டு நிலம் ஆகிவிடும், அதை அப்புறம் குறைத்துச் சொல்லப் போனால் விற்றுவிட்டதாக நினைப்பார்கள்.

அளவிலும் ஜாக்கிரதை. கர ரசீதில் ஹெக்டேர், ஆர், சதுர மீட்டர் என்று இருக்கும். 0-40-47 என்று போட்டிருந்தால் அது 40 சென்ட் இல்லை, 40.47 ஆர், அதாவது முழுசாக ஒரு ஏக்கர். ஒரு ஆர் என்பது ஏறக்குறைய 2.47 சென்ட். 40 சென்ட் என்று எழுதிக் கொடுத்தால் 60 சென்ட்டை மறைத்ததாகத்தான் கணக்கு வரும். ரசீதில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதி, பக்கத்தில் ஏக்கர் கணக்கையும் போடுங்கள்.

தமிழ்நாட்டுப் பக்க நிலத்துக்கு: பட்டா, சிட்டா இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். மாவட்டம், தாலுகா, கிராமம், சர்வே எண் தெரிந்தால் போதும். வில்லங்கத்தையும் பதிவுத்துறைத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம், சான்றிட்ட நகல் வேண்டுமென்றால்தான் பணம். இதில் ஒரு சின்ன இடறல்: பொள்ளாச்சி தாலுகாவிலிருந்து கிணத்துக்கடவும் ஆனைமலையும் தனித் தாலுகாவாகப் பிரிந்துவிட்டன. பழைய பத்திரத்தில் பொள்ளாச்சி தாலுகா என்று இருப்பதை வைத்துத் தேடினால் கிராமமே வராது, பதிவே இல்லையோ என்று பயந்துவிடுவோம். புதுத் தாலுகாவில் தேடுங்கள்.

கூட்டுப் பட்டாவாக இருந்தால் மொத்தப் பரப்பையும் உங்கள் பெயரில் எழுதிவிடாதீர்கள், உங்கள் பங்கு எவ்வளவு என்று தனியாகக் காட்டுங்கள்.

மதிப்பு கேட்கும் இடத்தில் என்ன எழுதுவது? வாங்கிய நிலம் என்றால் பத்திரத்தில் உள்ள விலையும் வாங்கிய வருடமும். பூர்வீகம் என்றால் கேரளாவில் அரசு நிர்ணயித்த நியாய விலை, தமிழ்நாட்டில் வழிகாட்டி மதிப்பு. இரண்டும் இணையத்தில் பார்க்கலாம். எந்த அடிப்படையில் எழுதினீர்கள் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். சந்தை விலையை நீங்களாக ஊகித்து எழுத வேண்டாம், அதில் யாரும் யாரையும் திருப்திப்படுத்த முடியாது.

சித்தூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இன்னொன்று. தென்னை மரங்களைக் கள் இறக்கக் குத்தகைக்கு விட்டிருந்தால் அது வருமானம். வருமானம் கேட்கும் இடத்தில் அதையும் எழுதுங்கள். இங்கே அது சட்டப்படியான தொழில், கூச்சப்பட ஒன்றும் இல்லை.

மூணாறு, தேவிகுளம், பீர்மேடு எஸ்டேட் பக்கத்து மெம்பர்களுக்கு நேர் எதிரான பிரச்சினை. லயத்தில் (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீட்டில்) குடியிருப்பு, அதுவும் கம்பெனியுடையது, சொந்தமாக ஒரு சென்ட் கூட இல்லை. "ஒன்றுமே இல்லாதவன் என்னத்தை எழுதிக் கொடுக்கிறது" என்று பேசாமல் இருந்துவிடுவார்கள். இல்லை என்றால் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். காலியான ஃபாரமும் ஃபாரம்தான், கொடுக்காத ஃபாரம்தான் ஆபத்து. அதோடு பி.எஃப். இருப்பு, பேங்க் கணக்கு, எல்.ஐ.சி. இருந்தால் அதுவும் சொத்து. பட்டயம் (அரசு தரும் உரிமைப் பத்திரம்) கிடைக்காத நிலம் கைவசம் இருந்தால் "கைவசம் உள்ளது, பட்டயம் இல்லை" என்று இருப்பதை இருக்கிறபடி எழுதுவதுதான் வழி, ஆனால் அதில் கேஸ் ஏதாவது நடந்துகொண்டிருந்தால் கையெழுத்துப் போடும் முன்னால் ஒரு வக்கீலிடம் வார்த்தையைக் காட்டிவிடுங்கள்.

5. பெயர் ஒத்துப்போகவில்லையா

நம் ஆட்கள் எல்லாருக்கும் இருக்கும் தொல்லை. தமிழ்நாட்டுப் பத்திரத்தில் இனிஷியல் முன்னால், கேரள ரேஷன் கார்டில் பின்னால், வாக்காளர் பட்டியலில் மலையாளத்தில் எழுதி அதை மறுபடி இங்கிலீஷ் ஆக்கி வேறு ஏதோ பெயர். சுப்பிரமணியன் என்ற பெயர் சுப்ரமண்யன், சுப்பிரமணி, மணியன் என்று மூன்று ஆளாக நிற்கும்.

வில்லேஜ் ஆபீசில் இதற்கு "ஒன் அண்ட் சேம்" சான்றிதழ் தருவார்கள், இரண்டு பெயரும் ஒரே நபர்தான் என்று. அக்ஷயா வழியாக இ-டிஸ்ட்ரிக்ட் என்ற அரசுச் சான்றிதழ் தளத்தில் விண்ணப்பிக்கலாம். இரண்டு பெயரும் இருக்கும் காகிதங்களை இணைக்க வேண்டும். வில்லேஜ் ஆபீசர் நேரில் கூப்பிட்டுக் கேட்கலாம், பக்கத்து வீட்டில் விசாரிக்கலாம், அதனால் கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள். பேங்க், நிலம், வாகனம் எல்லாவற்றிலும் பெயர் எப்படி இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் ஒரே சான்றிதழில் எல்லா வடிவத்தையும் கேட்டுப் பார்க்கலாம்.

6. நகை, சிட்டி, கடன்

நகைக்கு எடையைப் பவுனிலும் கிராமிலும் எழுதுங்கள், 8 கிராம் ஒரு பவுன். மதிப்பு எழுதினால் எந்தத் தேதி விலை என்பதையும் குறிப்பிடுங்கள், தங்கம் விலை மாறுகிற வேகத்தில் தேதி இல்லாத மதிப்புக்கு அர்த்தமே இல்லை. அடகில் இருக்கும் நகையும் உங்கள் நகைதான். நகையைச் சொத்தில் எழுதுங்கள், அடகுக் கடனைக் கடனில் எழுதுங்கள், ஒன்றுக்கொன்று கழித்துவிடாதீர்கள்.

கே.எஸ்.எஃப்.இ. சிட்டியை (கேரள அரசு நிறுவனம் நடத்தும் சீட்டை) பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். இன்னும் எடுக்காத சிட்டி என்றால் இதுவரை கட்டிய பணம் சொத்து. எடுத்துவிட்டீர்கள் என்றால் இனிக் கட்ட வேண்டிய தவணை கடன். குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில் (பெண்கள் சுய உதவிக் குழுவில்) எடுத்த கடனில் உங்கள் பங்கு, கூட்டுறவு வங்கிக் கடன், பயிர்க்கடன், மச்சானிடம் கைமாற்றாக வாங்கியது எல்லாம் கடன் பக்கத்தில் வரும். கடனைக் குறைத்துக் காட்டினால் மரியாதை என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பின்னால் நீங்கள் ஒரு கார் வாங்கும்போது "பணம் எங்கிருந்து" என்ற கேள்விக்கு இந்தக் கடன் பக்கம்தான் பதில் சொல்லும்.

7. ஃபாரம் நிரப்பிக் கொடுப்பது, ரசீது வாங்குவது

ஃபாரமும், எந்த அதிகாரியிடம் கொடுக்க வேண்டும் என்ற விவரமும் பஞ்சாயத்துச் செகரட்டரியிடம் கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாகக் கேட்காமல் ஒரு கடிதம் கொடுத்துக் கேளுங்கள். ஏன் என்றால், செகரட்டரி மாற்றலாகிப் போய்விடுவார், அடுத்தவர் "எனக்குத் தெரியாது" என்பார், உங்கள் கடிதத்தின் நகல் மட்டும்தான் மிஞ்சும். எனக்குத் தெரிந்த ஒருவர் ஃபாரத்தைக் கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுக்காமல் ஏதோ ஒரு செக்ஷனில் கிளார்க் மேசை மேல் வைத்துவிட்டு வந்தார். அது எங்கே போனது என்று இன்று வரை தெரியாது.

மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் கடிதம் எழுத நமக்கு உரிமை உண்டு. அந்த உரிமையை விடச் சொல்லவில்லை. ஆனால் இந்த ஒரு ஃபாரத்தை மட்டும் மலையாளத்திலோ இங்கிலீஷிலோ நிரப்பி, மேலே வைக்கும் கடிதத்தைத் தமிழில் எழுதுங்கள் என்பது என் யோசனை. மாவட்ட ஆபீசில் படிக்கத் தெரியாதவர் கையில் அது தூங்கினால் கெடு ஓடுவது உங்களுக்குத்தான். வேறொருவரை வைத்து நிரப்பினால், கையெழுத்துப் போடும் முன்னால் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்து அர்த்தம் சொல்லச் சொல்லுங்கள்.

இரண்டு பிரதி எடுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து. நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் சீல், தேதி, உள்வரவு எண் வாங்குங்கள். தபாலில் என்றால், 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள், அதனால் கவுண்டரில் ஸ்பீட் போஸ்ட், அதோடு ரெஜிஸ்ட்ரேஷனும் டெலிவரிக்கான அத்தாட்சியும் வேண்டும் என்று கேட்டு அனுப்புங்கள். ரசீதை வெயிலில் வைத்தால் எழுத்து மறைந்துபோகும், அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.

மொத்தச் செலவு? ஜெராக்ஸ், அக்ஷயா, தபால் எல்லாம் சேர்ந்தாலும் சில நூறு ரூபாயில் முடியும். ஃபாரம் நிரப்பித் தர ஆயிரக்கணக்கில் கேட்கும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கொடுக்க வேண்டிய அளவுக்கு இதில் வித்தை ஒன்றும் இல்லை. காகிதம் எல்லாம் கையில் இருந்தால் எழுத ஒரு சாயங்காலம் போதும். காகிதம் சேர்க்கத்தான் வாரக்கணக்கில் ஆகும்.

8. பஞ்சாயத்தோடு உங்கள் வீட்டுக்கு இருக்கும் கொடுக்கல் வாங்கல்

சொத்துக் கணக்கைவிட இது ஆபத்தானது. பஞ்சாயத்தோடு நடப்பில் இருக்கும் ஒப்பந்தத்திலோ, பஞ்சாயத்துக்காக நடக்கும் வேலையிலோ உங்களுக்குப் பங்கு இருந்தால் 34, 35 பிரிவுகளின்படி அது தகுதிக்குறைவு. ஒப்பந்தம் என்றால் கோடிக்கணக்கில் ரோடு போடுவது மட்டும் என்று நினைக்காதீர்கள். இவற்றை எல்லாம் ஒரு தடவை யோசித்துப் பாருங்கள்: உங்கள் கட்டடம் அங்கன்வாடிக்கு வாடகைக்கு இருக்கிறதா? உங்கள் கடையிலிருந்து பஞ்சாயத்துக்குப் பேப்பர், பெயின்ட், பல்பு போகிறதா? உங்கள் ஜீப் பஞ்சாயத்துக்கு ஓடுகிறதா? குடிதண்ணீர் லாரி உங்களுடையதா? வெயில் காலத்தில் எங்கள் பக்கம் லாரித் தண்ணீர் இல்லாமல் முடியாது, லாரி வைத்திருக்கிறவரே மெம்பரும் ஆகிவிட்டால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தேர்தலுக்கு முன்னாலேயே இருந்த ஒப்பந்தம் என்றால் அதன் காகிதத்தை எடுத்துக்கொண்டு வக்கீலைப் பாருங்கள், இன்றைக்கே. மகன் பெயருக்கு மாற்றிவிட்டால் போதும் என்று சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். பெயரை மாற்றி, பணம் உங்கள் கணக்கிலேயே வந்து விழுந்தால் அது பங்கு இல்லாமல் வேறென்ன?

பெண் மெம்பர்களில் பலருடைய வீட்டுக்காரர்கள் கான்ட்ராக்ட் எடுக்கிறவர்கள். சம்சாரம் ஜெயித்த பிறகும் அதே பஞ்சாயத்து வேலையை வேறொருவர் லைசென்சில் எடுத்து நடத்துவது ஊருக்கே தெரியும், ஊருக்குத் தெரிந்தது விஜிலென்சுக்கு (ஊழல் தடுப்புப் போலீசுக்கு) தெரிய எத்தனை நாள் ஆகும்? கூட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் நீங்கள், பதில் சொல்ல நிற்பவரும் நீங்கள்தான். பக்கத்துப் பஞ்சாயத்தில் வேலை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வரி பாக்கியும் இதே 34, 35 பிரிவுகளில்தான் வருகிறது. பில்லோ நோட்டீசோ கொடுத்து, கெடுவும் முடிந்து, பஞ்சாயத்துக்குக் கட்ட வேண்டிய பாக்கி நின்றால் தகுதிக்குப் பிரச்சினை. வீட்டு வரி, கடை லைசென்ஸ், பஞ்சாயத்துக் கடையின் வாடகை எல்லாம் கட்டி ரசீதை அதே ஃபைலில் வையுங்கள்.

9. கூட்டத்தில் உங்கள் விஷயம் வந்தால்

பொதுமக்கள் எல்லாருக்கும் பொருந்துகிற விஷயம் என்றால் நீங்கள் தாராளமாகப் பேசலாம், ஓட்டுப் போடலாம். வார்டு முழுக்கத் தெருவிளக்கு போடும்போது உங்கள் வீட்டு முன்னாலும் ஒரு விளக்கு வருகிறது என்பதற்காக எழுந்து போக வேண்டாம். உங்களுக்கோ வீட்டுக்கோ தனியாகப் பண லாபமோ நஷ்டமோ இருக்கிறது என்றால் விவாதத்திலும் ஓட்டிலும் கலந்துகொள்ளக் கூடாது.

எப்படிச் செய்வது என்று எங்கள் கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மெம்பரின் அண்ணன் கோழிப்பண்ணைக்கு லைசென்ஸ் கேட்டிருந்தார். அஜெண்டாவில் ஏழாவதோ எட்டாவதோ. அந்த மெம்பர் முந்தின நாளே பிரசிடென்டுக்கும் செகரட்டரிக்கும் இரண்டு வரிக் கடிதம் கொடுத்துவிட்டார். அந்த விஷயம் வந்ததும் எழுந்து, "சேச்சி, இது எங்கள் அண்ணன் விஷயம், நான் வெளியே இருக்கிறேன், மினிட்சில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்" என்றார். பிரசிடென்ட் சிரித்துக்கொண்டே, "நீ இங்கேயே உட்காரு, பேசாமல் இருந்தால் போதும்" என்றார். இவர் கேட்கவில்லை, நோட்டை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். முடிந்த பிறகு வந்து, மினிட்சில் வெளியே போனதும் திரும்பி வந்ததும் எழுதியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார். பின்னால் அந்தப் பண்ணையின் நாற்றம் பற்றிப் புகார் கிளம்பியபோது அவரை ஒருவரும் தொடவில்லை.

பேசாமல் உள்ளேயே உட்கார்ந்திருப்பது போதாது என்றுதான் நானும் சொல்வேன். நீங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் மற்றவர் எப்படி வேண்டாம் என்று சொல்வார்?

இப்போது கிராமப் பஞ்சாயத்துகளிலும் கே-ஸ்மார்ட் என்ற உள்ளாட்சி ஆன்லைன் தளம் வந்துவிட்டதால் அஜெண்டாவும் முடிவும் கணினியில் ஏறுகின்றன. ஏற்றியதை ஒரு தடவை பாருங்கள். கையில் எழுதியதில் இருந்த வரி ஏற்றியதில் இல்லை என்றால் அன்றே செகரட்டரிக்கு எழுதுங்கள்.

ஸ்டாண்டிங் கமிட்டி, வேலைக்கு ஆள் எடுக்கும் இன்டர்வியூ, லைஃப் (அரசின் இலவச வீட்டுத் திட்டம்) பட்டியல் எல்லாவற்றுக்கும் இதே வழிதான். சொந்தக்காரர் வீடு கேட்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தகுதி இருந்தால் அவரும் விண்ணப்பிக்கலாம், ஆனால் கிராம சபையில் அவர் பெயருக்கு நீங்கள் பேச வேண்டாம், பேசுவதற்கு வேறு ஆட்கள் இருப்பார்கள்.

10. ஓணக் கிட்டும் தீபாவளிப் பெட்டியும்

நமக்கு இரண்டு பண்டிகை, அதனால் இரண்டு தடவை வரும். ஊழல் தடுப்புச் சட்டத்தில் நீங்களும் பொது ஊழியர்தான், லஞ்சத்துக்கு மூன்று வருடம் முதல் ஏழு வருடம் வரை சிறை. பக்கத்து வீட்டுக்காரர் கொடுக்கும் நேந்திரன் சிப்சைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லவில்லை. பில் பாஸ் ஆக வேண்டியவர், லைசென்ஸ் கேட்டு நிற்பவர், குவாரிக்காரர், இவர்கள் கொடுத்து அனுப்புவதை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில்தான் வரும், அதனால் வீட்டில் இருப்பவர்களுக்கு முன்னாலேயே சொல்லி வையுங்கள். வலியத் திணிக்கிறவர்கள் இருந்தால் விஜிலென்சின் இலவச எண் 1064.

11. புகார் வந்தால்

வரும். நல்ல மெம்பருக்கும் வரும். எங்கிருந்து வந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். தகுதி நீக்கம் பற்றியது என்றால் மாநிலத் தேர்தல் ஆணையம், அங்கே இன்னொரு மெம்பரோ உங்கள் பஞ்சாயத்தின் எந்த வாக்காளரோ மனு கொடுக்கலாம். ஊழல், முறைகேடு என்றால் உள்ளாட்சிகளுக்கான ஓம்புட்ஸ்மேன், அதாவது புகார் விசாரிக்கும் அதிகாரி. தொழிலுறுதித் திட்டத்துக்கு (ஊரக வேலை உறுதித் திட்டத்துக்கு) மாவட்டத்தில் தனியாக ஒரு ஓம்புட்ஸ்மேன் உண்டு, பெயர் ஒன்றாக இருப்பதால் பதிலை மாற்றி அனுப்பிவிடுகிறார்கள், கவர் மேல் இருக்கும் விலாசத்தைப் பாருங்கள்.

நோட்டீசை வாங்க மறுக்காதீர்கள். மறுத்தால் வாங்கியதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள், பதில் சொல்லும் நாளும் போய்விடும். பதிலில் கதை வேண்டாம், தேதி, காகிதம், உள்வரவு எண் போதும். இதுவரை சொன்ன ரசீது எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வைத்திருந்தால் பதில் எழுதுவது அரை நாள் வேலை.

12. வாங்கினால், விற்றால்

ஐந்து வருடத்தில் நிலம் விற்போம், வண்டி வாங்குவோம், பெண்ணுக்குக் கல்யாணம் செய்வோம். ஒவ்வொன்றையும் நடந்த மாதத்திலேயே அந்த ஃபைலில் ஒரு தாளில் எழுதி, பத்திர நகலையோ பில்லையோ பின் செய்து வையுங்கள், பணம் எந்தக் கணக்கிலிருந்து போனது என்பதோடு. கல்யாணத்துக்கு வந்த மொய் நோட்டையும் பத்திரமாக வையுங்கள், பணம் வந்த வழி கேட்டால் நம் ஊரில் அதைவிட நல்ல சாட்சி கிடையாது. பெரிய சொத்து வாங்கினாலோ விற்றாலோ, முன்பு விவரம் கொடுத்த அதே அதிகாரிக்கு ஒரு திருத்த விவரத்தையும் உடனே அனுப்பிவிடுங்கள். அப்புறம் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஜூன் மாதம் வரும்போது புதிதாக எதுவும் தேட வேண்டியதில்லை, பழைய பிரதியை எடுத்து, இந்தத் தாள்களைச் சேர்த்து, ஜூன் முதல் வாரத்திலேயே கொடுத்துவிடலாம். கடைசி வாரத்தில் போனால் எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள், சீல் போடுகிறவர் லீவில் இருப்பார்.